கல்யாணப் பத்திரிகை இருந்தால் தண்ணீர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் நகரசபையும் ஒரு கம்பெனி தொடங்கப் போகிறதாமே, குப்பை வாருவதற்கு. உங்களில் சிலரை அதற்கு அனுப்பப் போகிறார்களாம். ஏற்கெனவே அப்படி ஒரு கம்பெனியில் அடிபட்டவன் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் சங்கத்துக்காரர் கேட்டார். நல்ல வார்த்தை என்னிடம் கையிருப்பு இல்லை. கோபம்தான் இருக்கிறது. அது கெட்டுப் போகாத சரக்கு. பல வருஷமாகியும் அப்படியே இருக்கிறது.

தலை முழுக்க நரைப்பதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். வாங்கிக்கொண்டேனா, கொடுத்தார்களா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எந்தச் சபையில் வேலை பார்த்தேன் என்று எழுத மாட்டேன். ஓய்வூதியம் மாதா மாதம் வர வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். மழை ஏமாற்றிய வருஷம். குழாயைத் திறந்தால் காற்று வரும், சில வீடுகளில் அதுவும் வராது. சபையிடம் தண்ணீர் லாரிகள் இருந்தன. ஆனால் ஒரு டயர் மாற்றுவதென்றால்கூடக் கமிட்டி கூடவேண்டும். கமிட்டி கூடுவதற்குள் மீதி டயர்களும் போய்விடும். எங்கள் மேலதிகாரி வெளிநாடு போய் வந்தவர், மயிலாப்பூர்க்காரர், நன்றாகப் பேசுவார். அவர் ஒரு யோசனை சொன்னார். லாரிகளையெல்லாம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவது. கம்பெனிக்கு முதலாளி சபையேதான். கம்பெனி ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் தண்ணீர் விற்கும். அந்த லாபத்தில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கைதட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது. என்னையே கம்பெனிக்குச் செயலாளராகப் போட்டார்கள். சபையில் நான் பார்த்த தண்ணீர்ப் பிரிவு வேலையிலிருந்து விடுவிக்கவும் இல்லை. காலையில் நான் சபை, மத்தியானத்துக்கு மேல் கம்பெனி. தி.நகரில் ஒரு மாடி அறை. அதில் இரண்டு மேஜை. மின்விசிறி ஒன்றுதான், இரண்டு மேஜைக்கும் சரி நடுவில். ஆகவே எந்தப் பதவியில் இருந்தாலும் காற்று வராது.

சிரிக்காதீர்கள். காலையில் சபையின் சார்பில் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவேன். சாப்பிட்டுவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிரிப்பேன். தொனி சரியில்லையே என்று கோபம் வரும். சூடாகப் பதில் எழுதுவேன். மறுநாள் காலை அந்தப் பதிலைப் படித்ததும், இந்தக் கம்பெனிக்காரன் ரொம்பத்தான் துள்ளுகிறான் என்று தோன்றும்.

இதுவரைக்கும் வேடிக்கை. இனிமேல் கன்னியம்மா வருகிறாள்.

அடையாற்றின் கரையில் ஒரு குப்பம். புறம்போக்கு நிலம். ஆகவே குழாய் கிடையாது, வீட்டு எண் கிடையாது, வரி கிடையாது. ஒரு உத்தரவு போட்டுத் தண்ணீர் கொடுத்தால் அந்த இடத்தை அங்கீகரித்ததாக ஆகிவிடும் என்று சபைக்குப் பயம். உத்தரவு போடவில்லை. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் அங்கே லாரி போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கோடையில் அந்த வட்டாரத்து உறுப்பினர் தொலைபேசியில் கத்தியிருக்கிறார். யாரோ ஒரு பொறியாளர், "சரி, ஒரு லாரி போகட்டும்" என்றிருக்கிறார். போனது. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. சர்க்கார் வேலையில் நடக்கும் நல்ல காரியங்களில் பாதி இப்படி வாயால் நடப்பவைதான்.

கம்பெனிக்குப் பொறுப்பு மாற்றும்போது எது எதற்கு உத்தரவு இருந்ததோ அதையெல்லாம் கவனமாக ஒப்படைத்தோம். லாரி, டிரைவர், தண்ணீர் பிடிக்கும் இடம், பழைய டயர் உட்பட. குப்பத்து லாரிக்கு உத்தரவே இல்லையே. ஆகவே சபை அதைக் கொடுக்கவில்லை, கம்பெனி அதை வாங்கவில்லை. லாரி நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று இன்று வரைக்கும் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் இல்லை. இந்தத் தப்பைச் செய்ய வெளியாட்களால் முடியாது. ஃபைலில் இருப்பது மட்டும்தான் ஊர் என்று நம்பிப் பழகிய எங்களால்தான் முடியும். வட்டார உறுப்பினர் சபையில் எழுந்து கேட்டார். அது கம்பெனியின் வியாபார விஷயம், சபையில் விவாதிக்க முடியாது என்று பதில் வந்தது. பதிலின் நடை அழகாக இருந்ததாகச் சிலர் பாராட்டினார்கள். என் நடைதான்.

ஒரு நாள் காலை கன்னியம்மா படியேறி வந்தாள். குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். நாற்பது வயதுக்குப் பக்கம். குரல் மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

"சார், எங்க குப்பத்துக்கு லாரி வந்து ஒரு வாரம் ஆவுது. ஆத்துல ஊத்து தோண்டி மொண்டுக்கினு கீறோம். கலங்கலா கீது. கொழந்தைங்களுக்கு வவுத்தால போவுது."

"தண்ணியெல்லாம் இப்போ கம்பெனிம்மா. மத்தியானம் கம்பெனி செயலாளரைப் பாருங்க."

"அவரு எங்க இருப்பாரு?"

எதிர் மேஜையைக் காட்டினேன். அவள் கீழே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்ததும் மறுபடி ஏறி வந்தாள்.

"காலைல அங்க குந்திக்கினு இருந்தது நீங்கதான சார்?"

"ஆமாம்."

"இல்ல, ரெட்டப் புள்ளைங்களோன்னு பாத்தேன்."

"உங்க குப்பத்தை சபை எங்ககிட்ட ஒப்படைக்கலைம்மா. கம்பெனி ஓட்டல், கல்யாணம், கட்டடம்னு வாடிக்கைக்காரங்களுக்குத்தான் தண்ணி குடுக்கும். நீங்க சபையைத்தான் கேக்கணும்."

"சபைன்னா யாரு?"

காலி நாற்காலியைக் காட்டினேன். அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்க வூட்ல அம்மா எந்த சாருக்கு சார் சோறு போடுது?"

மேலதிகாரியிடம் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பாடம் எடுத்தார். "ஓய், உமக்கு எத்தனை தடவை சொல்றது, ரெண்டையும் போட்டுக் கலக்கப்படாதுன்னு. இப்போ லாரி அனுப்பினா அந்த எடத்தை நாம ஒத்துண்டதா ஆயிடும். அப்புறம் கொழாய் கேப்பா. வெளக்கு கேப்பா."

"குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை சார்."

"அது சுகாதாரப் பிரிவு. அவாளுக்கு எழுதும்."

எழுதினேன். சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் குப்பத்துக்குப் போய் பிளீச்சிங் பவுடர் கொடுத்து, நிறையத் தண்ணீரில் கலந்து தெளிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில் கம்பெனி கொழித்தது. முகூர்த்த நாளில் மயிலாப்பூர் மண்டபங்களுக்கு லாரி அனுப்பி மாளவில்லை. கல்யாணம் என்று சொல்லி லாரித் தண்ணீரை வாங்கிக் குடம் குடமாகக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் முளைத்தார்கள். அதைத் தடுக்கக் கம்பெனித் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். தலைவர் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர், தெற்கத்திக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. கல்யாணத்துக்குத் தண்ணீர் கேட்பவர் கல்யாணப் பத்திரிகையைக் காட்டவேண்டும். காட்டினால் மறுபேச்சில்லாமல் லாரி. இதுதான் விதி.

கன்னியம்மா அதற்குப் பிறகும் தினமும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஏறுகிறவர்களையும், லாரிக்குச் சீட்டோடு இறங்குகிறவர்களையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் அவளும் ஒரு பத்திரிகையோடு வந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள். அண்ணாச்சியும் அப்போது அறையில் இருந்தார்.

படித்தேன். மணமகள் கன்னியம்மா. மணமகன் ஏழுமலை.

"ஏழுமலை யாரும்மா?"

"வூட்டுக்காரரு."

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே..."

"ஆமா சார். மூத்த பொண்ணு சமஞ்சிகூட வருஷம் ஆச்சி."

"அப்புறம் எதுக்கு மறுபடியும் கல்யாணம்?"

"மொத தபா கட்டிக்கினப்ப தண்ணி லாரி வர்ல சார். மனசுல ஒரு கொற."

அண்ணாச்சி பத்திரிகையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இடம் எங்க?"

"எங்க குப்பத்து அம்மன் கோயிலு."

"பணம் கொண்டாந்திருக்கியளா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "பொறவு என்ன யோசிக்கிய, செக்ரட்டரி ஐயா? பத்திரிகை இருக்கு, பணம் இருக்கு. யாவாரத்துல மூஞ்சியப் பாக்கப்படாது. சீட்ட எழுதுங்க."

எழுதினேன். டிரைவர் டில்லி லாரியைக் கொண்டுபோனான். மறுநாள் வந்து சொன்னான்: "நாயனம் ஒண்ணுதான் சார் இல்ல. பொண்ணும் மாப்ளயும் கொடத்த வச்சிக்கினு கியூல நிக்கிறாங்க. எனக்கு வெத்தல பாக்கு வேற. மொய் எழுதாம வந்துட்டோமேன்னு ஒரு மாதிரியா பூட்ச்சு."

சிரித்தேன். வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். விதியை விதியாலேயே மடக்கிவிட்டாள் என்று அவளை மெச்சினேன். அதற்கு வழிவிட்டதாக என்னையும் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. சுபம் என்று நினைத்தேன்.

அடுத்தடுத்து குப்பத்திலிருந்து பத்திரிகை வந்தது. கல்யாணமான தம்பதிகள் ஒவ்வொரு ஜோடியாக மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். சைதாப்பேட்டை அச்சகத்துக்காரர் ஒரே அச்சுக் கோப்பில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஆடி பிறந்தது. மயிலாப்பூரில் மேளச் சத்தம் ஓய்ந்தது. மண்டபமெல்லாம் பூட்டு. குப்பத்தில் மட்டும் ஆடியிலும் முகூர்த்தம் குறையவில்லை. அண்ணாச்சிக்கு ஒரே ஆனந்தம். "நம்ம கடையில ஆடின்னா ஈ ஓட்டுவோம். பாத்தியளா, இந்தக் கம்பெனிக்கு ஆடியே இல்ல."

இயக்குநர் கூட்டத்தில் நான் ஒரு குறிப்பு வைத்தேன். கம்பெனி லாபம் பார்த்தாயிற்று. ஏழைகளுக்கு இலவசம் என்று சொன்னோமே, அதைக் குப்பத்திலிருந்து தொடங்கலாம் என்று.

மேலதிகாரி குறிப்பைப் பாதியில் மூடினார். "அவாதான் காசு குடுத்து வாங்கிண்டிருக்காளே. வாங்கறவாளுக்கு எதுக்கு ஓய் இலவசம்?"

"வேற வழி இல்லாம வாங்கறாங்க சார். பொய்க் கல்யாணம் சார் அதெல்லாம்."

"பணம் நெஜம்தானே?"

இதற்கு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வருஷக்கணக்காகக் காசில்லாமல் வந்த தண்ணீர். அதை நிறுத்தியது நாங்கள். திரும்ப வேண்டுமென்றால் காசு கொடு, கூடவே பொய்யும் சொல் என்று ஆக்கியது நாங்கள். அவர்கள் கொடுத்த காசையே சாட்சியாக வைத்து, இவர்களுக்கு இலவசம் தேவையில்லை என்று முடிவு கட்டியதும் நாங்கள். இட்லிக்கு ஊறப்போடும் அரிசியில் கைவைத்துத்தான் கன்னியம்மா அந்தக் காசைப் பிரித்தாள். கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை, வியாபாரத்தில் அதைக் கேட்பது நாகரிகம் இல்லையாம். மேலதிகாரி இதை வெளியூர்க் கூட்டங்களில் பேசினார். அடித்தட்டு மக்களும் விரும்பிப் பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று. வேறு ஊர்ச் சபைகளிலிருந்து எங்கள் வெற்றியைப் பார்க்க ஆள் வந்தார்கள். காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆடி முடிவதற்குள் ஒரு மத்தியானம் கன்னியம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் பத்திரிகை இல்லை. அண்ணாச்சி எதிரில் இருந்தார்.

"ஒரு லாரி ஓணும் சார். அவசரம்."

பழக்கதோஷம். "பத்திரிகை எங்கம்மா?" என்றேன்.

"எதிர் குடிசைக்காரரு பூட்டாரு சார். வயசானவரு. குளிப்பாட்டணும். சனமெல்லாம் வந்து நிக்குது. ஊத்தும் வத்திப் போச்சி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, எனக்குப் புரியாதோ என்பதுபோல் சொன்னாள்: "சாவுக்குப் பத்திரிகை அடிக்கிறதில்ல சார்."

அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே உச்சுக் கொட்டினார்.

"பாவம். செக்ரட்டரி ஐயா, சாவுக்குப் பாதி ரேட்டுன்னு ஒரு தீர்மானம் போட்டுருவோம். அடுத்த கூட்டத்துல மொத விஷயமா வச்சிருங்க."

"கூட்டம் எப்போ சார்?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"மாசக் கடைசிம்மா."

"அது வரிக்கும் தாங்காது சார். வெயிலு."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. பிணத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான். நான் எழுந்தேன். மத்தியான வேளையில் முதல் முறையாகச் சபையின் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். சபையின் தாளை எடுத்தேன். அடையாற்றங்கரைக் குப்பத்துக்கு, குழாய் போடும் வரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு லாரி தண்ணீர் இலவசமாகத் தரப்படும். கம்பெனி அதை வழங்க வேண்டும், செலவு சபையைச் சேர்ந்தது. இன்று முதல் அமல். கையெழுத்து, முத்திரை. எழுந்து வந்து கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து அதே தாளை வாங்கிக்கொண்டேன். "பெற்றுக்கொண்டேன், உடனே நிறைவேற்றப்படும்" என்று எழுதினேன். கம்பெனிக்கும் சபைக்கும் அதுவரை நடந்த கடிதப் போக்குவரத்தில் தகராறு இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

"என்ன செய்தீய ஐயா?" என்றார் அண்ணாச்சி.

"யாவாரம், அண்ணாச்சி. இனி இந்தக் குப்பத்துக்கு உங்க வாடிக்கைக்காரர் சபை."

"பணம் சபை குடுத்துருமா?"

"குடுக்கும்."

"அப்பம் சரி" என்றார். அவருக்கு அது போதும். நான் கீழே இறங்கி டில்லியைக் கூப்பிட்டு லாரியை அனுப்பினேன்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். மேஜையில் என் உத்தரவு.

"யாரைக் கேட்டு ஓய் எழுதினீர்?"

"கம்பெனியைக் கேட்டேன் சார். செயலாளர் ஆட்சேபணை சொல்லலை."

"விளையாடறீரா? உடனே ரத்து பண்ணும்."

"என்னால முடியாது சார். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. குப்பத்துக்குத் தண்ணி குடுக்க வேண்டாம்னு."

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுத வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. மூடியைத் திருகி மூடினார்.

"நீர் போம்" என்றார்.

தம்பி, தங்கைகளே, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்த மனிதர் தண்ணீரை ஒருபோதும் நிறுத்தவில்லை. அது இல்லாமல் போகட்டும் என்று விட்டார். விடுவதற்குப் பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ராத்திரி தூக்கமும் கெடாது. நிறுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். எழுதி வைத்த பிறகு நிறுத்த வருகிறவன் தன் பெயரைப் போட்டுத்தான் நிறுத்தவேண்டும். கனவான்கள் அதற்குத் துணிய மாட்டார்கள். குப்பைக் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஃபைலைப் படிப்பதற்கு முன்னால் தெருவில் இறங்குங்கள். எந்தச் சந்தில் யார் வாயால் சொல்லி எந்த வண்டி போகிறது என்று கேளுங்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு நாற்காலியில் உட்காருங்கள். லாபத்தில் ஏழைக்குக் கொடுப்போம் என்று யாராவது சொன்னால், எந்த ஏழைக்கு, எந்தக் கிழமை என்று கேளுங்கள். அவர் உங்களை அதிகப்பிரசங்கி என்பார். நல்லது. என்னை அதைவிடக் கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னார்கள்.

குப்பத்து லாரி ஓடியது. என்னை நாய் பிடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே மேஜை.

மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த அன்று கன்னியம்மா வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன்.

"லாரி இனிமே வருமா சார்?"

"வரும்மா."

"காசு?"

"வேண்டாம். நீங்க கல்யாணமும் பண்ணிக்க வேண்டாம்."

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு அரை நாழில எழுதிக் குடுத்தீங்களே, அந்தக் காயிதத்த நான் மொத நாளு வந்தப்பவே எழுதியிருக்கலாம் இல்ல சார்?"

சபையின் சார்பில் சொல்ல ஒரு பதில் இருந்தது. கம்பெனியின் சார்பில் இன்னொன்று இருந்தது. அவை இரண்டும் ஏற்கெனவே கேட்டவைதான் என்பதுபோல் அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, கடைக்கு நேரமாயிற்று என்று இறங்கிப் போனாள்.